12 மூட்டை உப்பு எங்கே போகும்?

கேள்வி: திருப்பூரில் ஜாப் ஒர்க் சாயப்பட்டறை நடத்துகிறோம். சாயம் போடும் மெஷின்கள் இரண்டு வின்ச், மூன்று சாஃப்ட் ஃப்ளோ. தினமும் ஒரு லட்சம் லிட்டர் சாயத்தண்ணீர் வருகிறது. சுத்திகரிப்பு நிலையம் சொந்தம்தான், உப்பைப் பிரிக்கும் ஆர்.ஓ.வும் மீதித் தண்ணீரை ஆவியாக்கும் எவாபரேட்டரும் ஓடுகின்றன. பாய்லருக்கு விறகு வாங்கிக் கட்டுப்படியாகவில்லை. போன மாதம் ஒரு கம்பெனிக்காரர் நானோ இரும்புப் பவுடர் கொண்டுவந்தார். எங்கள் தண்ணீரையே பாட்டிலில் பிடித்து, பவுடரைப் போட்டுக் குலுக்கினார். ஐந்து நிமிடத்தில் நிறம் போய்விட்டது. இனி எவாபரேட்டரே தேவையில்லை, ஸ்லட்ஜ் (கசடு) வராது, தண்ணீரைத் தென்னந்தோப்புக்கே விடலாம் என்கிறார். மொத்தம் 25 லட்சம் கேட்கிறார். 2011-ல் பட்டறைகளை மூடியபோது வாங்கிய கடனை அப்பா போன வருஷம்தான் அடைத்து முடித்தார். அவர் வேண்டாம் என்கிறார், எனக்கு ஆசையாக இருக்கிறது. இன்னொரு விஷயம், ஒரு பார்ட்டி பனியனுக்கு நானோ சில்வர் ஃபினிஷ் போட்டுத் தரச் சொல்கிறார். அந்த ஆர்டரை எடுக்கலாமா? – பெயர் வேண்டாம், திருப்பூர்.

பதில்:

அந்தப் பவுடரை வாங்காதீர்கள். அப்பா சொல்வதுதான் சரி. ஒரு முறை எல்லாவற்றையும் மூடிவிட்டு உட்கார்ந்திருந்தவர் அவர், அந்தப் பயத்தில் அனுபவம் இருக்கிறது. ஆனால் "பெரியவர் சொல்கிறார்" என்பதற்காக மட்டும் நீங்கள் கேட்டுக்கொள்ள வேண்டியதில்லை. காரணத்தைச் சொல்கிறேன், நீங்களே கணக்குப் போட்டுப் பாருங்கள்.

உங்கள் சாயத்தண்ணீரின் டி.டி.எஸ். (கரைந்திருக்கும் உப்பின் அளவு) எவ்வளவு என்று கடிதத்தில் எழுதவில்லை. வின்ச்சும் சாஃப்ட் ஃப்ளோவும் கலந்து ஓடும் பட்டறையில், டை பாத் எனும் சாயத்தொட்டித் தண்ணீரும் வாஷ் தண்ணீரும் சேர்ந்து வரும்போது லிட்டருக்கு 6,000 மில்லிகிராம் என்று வைத்துக்கொண்டால் அதிகம் தவறாது. லிட்டருக்கு 6 கிராம். ஒரு லட்சம் லிட்டருக்கு 600 கிலோ. 50 கிலோ மூட்டையாகக் கட்டினால் 12 மூட்டை உப்பு. தினமும் உங்கள் பட்டறையிலிருந்து 12 மூட்டை உப்பு தண்ணீருக்குள் கரைந்து வெளியே வருகிறது. கண்ணுக்குத் தெரியாது, வாசனை கிடையாது. பவுடரைப் போட்டுக் குலுக்கிய பிறகு அந்த 12 மூட்டை எங்கே போயிற்று என்று அவரிடம் கேட்டீர்களா?

எங்கேயும் போகாது. நானோ இரும்பு சோடியத்தையும் சல்பேட்டையும் குளோரைடையும் தொடவே தொடாது. அதன் வேலை வேறு.

இதே செய்முறையை நானும் ஒரு பட்டறையில் நின்று பார்த்திருக்கிறேன். காற்றுப் புகாத டப்பாவில் கறுப்பு மை போன்ற பவுடர். கண்ணாடி பாட்டிலில் கருஞ்சிவப்புத் தண்ணீர். இரண்டு ஸ்பூன் போட்டுக் குலுக்கினார்கள். முதலில் எல்லாமே கறுத்தது. பிறகு ஒரு காந்தத்தை பாட்டிலின் அடியில் வைத்தார்கள். கறுப்பெல்லாம் சரசரவென்று கீழே இறங்கி ஒட்டிக்கொள்ள, மேலே பளிங்கு மாதிரி தண்ணீர் நின்றது. சுற்றி நின்றவர்கள் கை தட்டினார்கள். நான் சட்டைப் பையில் வைத்திருக்கும் டி.டி.எஸ். மீட்டரை எடுத்து உள்ளே விட்டேன். பவுடர் போடும் முன் 6,000-க்குச் சற்று மேலே இருந்தது. போட்ட பிறகு அதைவிடவும் கொஞ்சம் கூடியிருந்தது, இரும்பும் கரைந்திருந்ததால். அந்த பாட்டிலைக் கேட்டு வாங்கி, மூடியைத் திறந்தபடியே வீட்டு ஜன்னலில் வைத்தேன். மறுநாள் காலையில் தண்ணீர் டீ டிக்காஷன் நிறத்தில் இருந்தது.

ஏன் அப்படி ஆனது என்பதில்தான் விஷயம் இருக்கிறது. நீங்கள் போடும் ரியாக்டிவ் சாயங்களில் பெரும்பாலானவை அசோ வகை. இரண்டு நைட்ரஜன் அணுக்கள் கைகோத்து நிற்கும் இடம்தான் அந்தச் சாயத்துக்கு நிறம் தருகிறது. நானோ இரும்பு தன்னிடம் உள்ள எலக்ட்ரானைக் கொடுத்து அந்தக் கைகோப்பை உடைக்கிறது. உடைந்தவுடன் நிறம் போய்விடும். ஆனால் சாயம் போகவில்லை, இரண்டு துண்டாகித் தண்ணீரிலேயே கிடக்கிறது. அந்தத் துண்டுகளுக்கு அரோமாட்டிக் அமைன் என்று பெயர். அவற்றில் சில புற்றுநோயை உண்டாக்கக்கூடியவை. 1990-களில் ஜெர்மனி அந்த வகை அமைன்களாக உடையும் சாயங்களைத் தடை செய்ததிலிருந்துதான் திருப்பூர் ஏற்றுமதியாளர்கள் "அசோ ஃப்ரீ" சான்றிதழ் கொடுத்துக்கொண்டிருக்கிறார்கள். அந்தப் பட்டியலில் இல்லாத நல்ல சாயங்களைத்தான் நீங்கள் வாங்குகிறீர்கள் என்றே வைத்துக்கொள்வோம். அப்போதும் உடைந்த துண்டுகளைத் தின்று தீர்க்க, காற்று ஊதும் ஏரேஷன் டேங்க் பாக்டீரியா வேண்டும். அதைத் தாண்டாமல் தென்னை மரத்தடிக்கு விட்டால், காற்றுப் பட்டு அமைனும் இரும்பும் பழுப்பாகும். நான் ஜன்னலில் பார்த்தது அதைத்தான்.

தோப்பு விஷயத்தைக் கொஞ்சம் அழுத்தியே சொல்ல வேண்டியிருக்கிறது. நிலத்திலோ ஆற்றிலோ விடும் தண்ணீருக்கு மாசுக் கட்டுப்பாட்டு வாரியம் வைத்திருக்கும் டி.டி.எஸ். வரம்பு 2,100. உங்களுடையது அதைப் போல ஏறக்குறைய மூன்று மடங்கு. சோடியம் ஏறின மண் இறுகும், தண்ணீர் கீழே இறங்காது, மேலே வெள்ளையாகப் பூக்கும். இதை நான் சொல்லி நீங்கள் தெரிந்துகொள்ள வேண்டியதில்லை. சென்னிமலைப் பக்கம் ஒரத்துப்பாளையம் அணைக்கு ஒரு தடவை போய் வாருங்கள். நொய்யல் பாசனத்துக்கென்று 1992-ல் கட்டிய அணை அது. சில வருஷத்திலேயே சாயக்கழிவு தேங்கும் தொட்டியாகிவிட்டது. எந்த விவசாயிகளுக்காகக் கட்டினார்களோ அவர்களே தண்ணீரைத் திறக்க வேண்டாம் என்று கேட்கும் நிலைக்கு வந்தார்கள்.

பிற்காலத்தில் அந்த அணைக்குள் போனதில் "சுத்திகரித்த" தண்ணீரும் உண்டு. இதை இப்போது பலர் மறந்துவிட்டார்கள். 1990-களின் இறுதியில் திருப்பூரில் பொதுச் சுத்திகரிப்பு நிலையங்கள் கட்டினார்கள். சுண்ணாம்பும் ஃபெரஸ் சல்பேட்டும் போட்டு நிறத்தை இறக்கினார்கள். நிறம் இறங்கியது, ஸ்லட்ஜ் மலைபோல் குவிந்தது, உப்பு மட்டும் முழுதாக நொய்யலுக்குப் போனது. விவசாயிகள் வழக்குப் போட்டார்கள். 2006 டிசம்பரில் சென்னை உயர் நீதிமன்றம் ஒரு சொட்டுக்கூட வெளியே விடக் கூடாது என்ற ஏற்பாட்டுக்கு மாறச் சொல்லித் தீர்ப்பளித்தது. அது நடக்கவில்லை என்று தெரிந்தபோது 2011 ஜனவரி 28 அன்று மூடச் சொன்னது. உங்கள் அப்பா கடன் வாங்கிய வருஷம் அது. அன்றைக்குப் பட்டறைகளை மூட வைத்தது நிறம் மட்டுமல்ல, உப்பு. இப்போது ஒருவர் வந்து, இன்னும் நுணுக்கமான இரும்பைக் காட்டி, அதே பழைய இடத்துக்கு உங்களைத் திரும்பக் கூப்பிடுகிறார். 25 லட்சம் போவதை நினைத்துக்கூட நான் அவ்வளவு கவலைப்படவில்லை. வாரியம் கொடுத்த உங்கள் கான்சென்ட் (இயங்கும் அனுமதி) போய்விடும், பக்கத்துக் காட்டுக்காரரின் கிணறு போய்விடும்.

ஸ்லட்ஜ் வராது என்றாராம். ஒரு கிலோ இரும்பு தண்ணீரில் துருவாக மாறினால் உலர்ந்த நிலையிலேயே ஒன்றரைக் கிலோவுக்கு மேல் எடை வரும். ஆக்சிஜனும் ஹைட்ரஜனும் வந்து ஒட்டிக்கொள்வதால் கூடுமே தவிரக் குறையாது. எவ்வளவு போடுகிறீர்களோ அதைவிட அதிகமாக அள்ள வேண்டும். அதோடு, பூச்சு எதுவும் இல்லாத உலர்ந்த நானோ இரும்பு காற்றுப் பட்டால் தானே பற்றிக்கொள்ளும் தன்மையுள்ளது. பட்டறையில் இதை யார் கொட்டுவார்கள்? முகத்தில் துண்டைக் கட்டிக்கொண்டு கெமிக்கல் ரூமில் நிற்கும் ஒரு பையன்தான். அவன் நுரையீரலுக்குள் அந்தத் தூள் போனால் என்ன ஆகும் என்று விற்பனைத் தாளில் ஒரு வரியாவது இருக்கிறதா என்று பாருங்கள்.

நாளைக்கு இன்னொருவர் டைட்டானியம் டை ஆக்சைடு கொண்டுவருவார், வெயிலிலேயே சாயம் எரிந்துபோகும் என்பார். 1972-ல் ஜப்பானில் ஃபுஜிஷிமாவும் ஹோண்டாவும் எழுதிய கட்டுரையிலிருந்து வளர்ந்த அருமையான விஞ்ஞானம் அது. ஆனால் அந்தப் பொருளுக்கு வேண்டியது புற ஊதாக் கதிர். வெயிலில் அது நூற்றுக்கு ஐந்து பங்கு இருந்தாலே அதிகம், கருநீலச் சாயத்தண்ணீருக்குள் அதுவும் ஓரிரு சென்டிமீட்டர்கூட இறங்காது. அங்கேயும் உப்பு அப்படியே இருக்கும்.

அப்படியானால் நானோ இரும்பு மோசடியா என்றால், இல்லை. வேலையும் இடமும் பொருந்த வேண்டும். 1997-ல் அமெரிக்காவின் லீஹை பல்கலைக்கழகத்தில் வெய்ஷியன் ஜாங் குழு இதைச் செய்து காட்டியபோது அவர்கள் பார்த்தது நிலத்தடி நீரில் கலந்த குளோரின் கரைப்பான்களை. அங்கே மூலக்கூறை உடைப்பதே பாதி வெற்றி. நம் ஊரில் இதற்குப் பொருத்தமான இடம் என்றால் எனக்கு ராணிப்பேட்டைதான் நினைவுக்கு வரும். மூடிப்போன ஒரு குரோமேட் ஆலை ஒன்றரை லட்சம் டன்னுக்கு மேல் கழிவை அங்கே விட்டுப் போனது. மழை பெய்தால் மஞ்சளாக ஊறி வருவது ஆறு இணைதிறன் கொண்ட குரோமியம். அது தண்ணீரில் ஓடும், உடம்பில் ஏறும். நானோ இரும்பு அதை மூன்று இணைதிறனுக்கு இறக்கிவிட்டால், அது கரையாமல் மண்ணோடு உட்கார்ந்துவிடும். ஒரு கிராம் நானோ இரும்பைப் பிரித்து விரித்தால் ஏறத்தாழ 30 சதுர மீட்டர் பரப்பு வரும், சாதாரண இரும்புத் தூளில் ஒரு சதுர மீட்டர்கூடக் கிடைப்பது கஷ்டம். அந்தப் பரப்புதான் அதன் பலம். அங்கேயும் இரும்பு ஒன்றோடொன்று ஒட்டி, மண்ணுக்குள் சில மீட்டருக்கு மேல் நகராமல் நின்றுவிடும் சிக்கல் இருக்கிறது. ஆனால் நோய்க்கும் மருந்துக்கும் உறவு உண்டு. உங்கள் தண்ணீருக்கு அந்த உறவே இல்லை.

இப்போது உங்கள் பட்டறைக்கு வருவோம். நானோ தொழில்நுட்பம் ஏற்கெனவே உங்களிடம் ஓடிக்கொண்டிருக்கிறது, யாரும் அந்தப் பெயர் சொல்லிக் காட்டவில்லை, அவ்வளவுதான். ஆர்.ஓ. மெம்பிரேனில் (சவ்வில்) உப்பைத் தடுக்கும் வேலையைச் செய்வது மேலே படிந்திருக்கும் ஒரு தோல். அதன் தடிமன் சுமார் 200 நானோமீட்டருக்குள்தான். ஒரு மில்லிமீட்டரைப் பத்து லட்சம் பங்காகப் போட்டால் ஒரு பங்கு ஒரு நானோமீட்டர். அந்தத் தோலைச் சீர்படுத்துவதில்தான் உண்மையான முன்னேற்றம் நடந்திருக்கிறது. 2007-ல் லாஸ் ஏஞ்சலிஸில் உள்ள கலிபோர்னியா பல்கலைக்கழகத்தில் எரிக் ஹோக் குழு, சியோலைட் என்ற நுண்துளைக் கனிமத்தின் நானோ துகள்களை அந்தத் தோலுக்குள் பொதித்து, அதே அழுத்தத்தில் கூடுதல் தண்ணீர் போகச் செய்தது. அதிலிருந்து பிறந்த கம்பெனியை 2014-ல் எல்.ஜி. கெம் வாங்கியது. அந்த வகை மெம்பிரேன் கடைச் சரக்காகக் கிடைக்கிறது.

இது உங்கள் விறகுச் செலவை எப்படிக் குறைக்கும்? ஒரு லட்சம் லிட்டரில் உங்கள் ஆர்.ஓ. 85,000 லிட்டரை மீட்கிறது என்றால் 15,000 லிட்டர் ரிஜெக்ட் (மீளாத உப்புத்தண்ணீர்) எவாபரேட்டருக்குப் போகிறது. மீட்பு 90,000 ஆனால் ரிஜெக்ட் 10,000. ஆர்.ஓ. பக்கம் பார்த்தால் வெறும் ஐந்து சதவீதம், எவாபரேட்டர் பக்கம் பார்த்தால் மூன்றில் ஒரு பங்கு சுமை குறைந்துபோகிறது. கொதிநிலைக்கு வந்த ஒரு லிட்டர் தண்ணீரை ஆவியாக்க 540 கிலோ கலோரி வேண்டும். அடுக்கடுக்காக எத்தனை நிலை வைத்தாலும், அந்தச் சூட்டை முதலில் கொடுப்பது உங்கள் விறகுதான். பணத்தைப் போட வேண்டிய இடம் இந்த ஐந்து சதவீதம். சும்மா மெம்பிரேனை மாற்றினால் மட்டும் வராது. ரிஜெக்ட்டின் உப்பு 40,000-லிருந்து 60,000-க்கு ஏறும், அழுத்தம் கூட வேண்டும், கடினத்தன்மையும் சிலிக்காவும் முன்கூட்டியே இறங்கியிருக்க வேண்டும், இல்லாவிட்டால் மெம்பிரேன் மேல் சுண்ணாம்பாகப் படிந்து ஆறு மாதத்தில் குப்பைக்குப் போகும். அதனால் முதலில் உங்கள் ஆர்.ஓ. உள்வரும் தண்ணீரையும் ரிஜெக்ட்டையும் ஒரு மாதம் தினமும் அளந்து எழுதுங்கள். லிட்டர், டி.டி.எஸ்., கடினத்தன்மை, சிலிக்கா இவ்வளவு போதும். அந்த நோட்டு இல்லாமல் எந்த மெம்பிரேன்காரரோடும் பேசாதீர்கள்.

அடுத்தது மிக்ஸ்டு சால்ட், எவாபரேட்டரில் கடைசியாக மிஞ்சும் கலப்பு உப்பு. ஷெட்டில் மூட்டையாக அடுக்கி வைத்திருப்பீர்கள். ஈரம் பட்டு கசிந்து கொண்டிருக்கும். திருப்பூரின் தீராத கழிவு இப்போது அதுதான், ஸ்லட்ஜையாவது சிமெண்ட் ஆலைகளுக்கு அனுப்ப வழி இருக்கிறது. இங்கே நானோ ஃபில்ட்ரேஷன் உண்மையாகவே உதவும். அதன் துளை ஒரு நானோமீட்டர் அளவு. இரட்டை மின்னூட்டம் உள்ள சல்பேட்டைப் பெரும்பாலும் பிடித்து நிறுத்தும், குளோரைடைப் போக விடும். சாயத் துணுக்குகளும் சல்பேட் பக்கமே நின்றுவிடுவதால் அதற்கு முன்பே நிறத்தை எடுத்துவிட வேண்டும். சல்பேட் தனியாகக் கிடைத்தால் அது கழிவில்லை, நீங்கள் காசு கொடுத்து வாங்கும் கிளாபர் சால்ட்தான் (சோடியம் சல்பேட்). செறிவான கரைசலை 32 டிகிரிக்கு நன்றாகக் கீழே குளிர வைத்தால் தானாகவே படிகமாக இறங்கும். சுத்தமான பிரைனாகவே (உப்புக் கரைசலாகவே) திரும்ப டை பாத்துக்கு விடும் நிலையங்கள் திருப்பூரிலேயே இருக்கின்றன. நீங்கள் சாதா உப்பும் கிளாபர் சால்ட்டும் மாற்றி மாற்றிப் போடுகிறவர் என்றால் முதலில் அதை நிறுத்துங்கள். இரண்டும் கலந்த பிறகு பிரிப்பதற்குத்தான் இத்தனை செலவு.

எல்லாவற்றுக்கும் முன்னால் அந்த இரண்டு வின்ச்சைப் பாருங்கள். டை பாத்துக்கு உப்பு லிட்டர் கணக்கில்தான் போடுகிறோம். லிட்டருக்கு 60 கிராம் என்று வையுங்கள். வின்ச்சில் ஒரு கிலோ துணிக்கு 15 லிட்டர் தண்ணீர், உப்பு 900 கிராம். நல்ல சாஃப்ட் ஃப்ளோவில் ஆறு லிட்டர், உப்பு 360 கிராம். அதே துணி, அதே ஷேட். 25 லட்சத்தையும் அந்த வின்ச்சுகளை மாற்றுவதில் போட்டால், தண்ணீர், உப்பு, சோடா ஆஷ், விறகு, மிக்ஸ்டு சால்ட் எல்லாமே சேர்ந்து இறங்கும். என் தொழிலே கழிவைச் சுத்தம் செய்வது. ஆனாலும் உள்ளே போகாத உப்பைப் போலச் சுத்தமான உப்பு எனக்குத் தெரிந்து கிடையாது.

சில்வர் ஃபினிஷ் ஆர்டருக்கு வருகிறேன். வேண்டாம் என்று நான் சொல்லவில்லை, கவனமாக எடுங்கள். வெள்ளி நானோ துகள் வியர்வை நாற்றம் உண்டாக்கும் பாக்டீரியாவைக் கொல்கிறது என்றுதான் பார்ட்டி விற்கிறார். உங்கள் ஏரேஷன் டேங்கில் சாயத்தைத் தின்று உயிர் வாழ்வதும் பாக்டீரியாதான். வெள்ளிக்கு ஆள் தெரியாது. முக்கியமாக, அமோனியாவை நைட்ரேட்டாக மாற்றும் பாக்டீரியா வெள்ளிக்குச் சீக்கிரம் சுருண்டுவிடும். ஆகவே ஃபினிஷிங்கை, துணியைக் கரைசலில் நனைத்து உருளைகளில் பிழியும் பேடிங்கிலேயே செய்யுங்கள், டிரம்மில் நனைத்துக் கொட்டும் வேலை வேண்டாம். தொட்டியில் மீதமாகும் கரைசலை வடிகாலில் விடாமல் தனி டிரம்மில் பிடித்து, மூடி வைத்து அடுத்த லாட்டுக்கு எடுங்கள். தொட்டியைக் கழுவும் முதல் தண்ணீரும் அந்த டிரம்முக்கே போகட்டும்.

பார்ட்டியிடம் இதையும் கேளுங்கள்: எத்தனை வாஷ் தாங்கும்? 2008-ல் அரிசோனா மாநிலப் பல்கலைக்கழகத்தில் பென், வெஸ்டர்ஹாஃப் என்ற இருவர் கடையில் விற்ற வெள்ளி சாக்ஸ்களைத் துவைத்துப் பார்த்தார்கள். சிலவற்றில் நான்கே துவைப்பில் வெள்ளி கிட்டத்தட்ட முழுவதும் தண்ணீருக்கு வந்துவிட்டது. துணியில் நிற்காத வெள்ளி ஏதோ ஓர் ஊரின் சாக்கடைக்குத்தான் போகும். வெள்ளியைத் துணியில் ஒட்டவைக்கும் பைண்டர் நன்றாகப் பிடித்து, வாஷ் ரிப்போர்ட் கொடுத்தால் எடுங்கள். இல்லையென்றால் விட்டுவிடுங்கள், வேறு ஆர்டர் வரும்.

பவுடர்காரர் மறுபடி வருவார். வரட்டும், மரியாதையாகவே பேசுங்கள், டீ வாங்கிக் கொடுங்கள். அன்றைக்கு டர்க்காய்ஸ் லாட் ஓடிய தண்ணீரை எடுத்து வையுங்கள். டர்க்காய்ஸ் அசோ வகை அல்ல, நடுவில் தாமிரம் உட்கார்ந்திருக்கும் ஃப்தலோசயனின். இரும்பு கொடுக்கும் எலக்ட்ரானுக்கு அது அவ்வளவு எளிதில் உடையாது. தண்ணீர் கலந்து நீர்க்க வைக்காமல், டேங்கிலிருந்து அப்படியே பிடித்துக் கொடுங்கள். பவுடர் போடும் முன் ஒரு கேன், போட்ட பின் ஒரு கேன் எடுத்து, அங்கீகாரம் பெற்ற லேபுக்கு நீங்களே நேரில் கொண்டுபோய் டி.டி.எஸ்., குளோரைடு, சல்பேட், சி.ஓ.டி. (கரிமக் கழிவின் அளவு), மொத்த இரும்பு ஆகிய ஐந்தையும் பார்க்கச் சொல்லுங்கள். அடியில் தங்கிய கறுப்பை உலர்த்தி எடை போடச் சொல்லுங்கள். ரிப்போர்ட் வந்ததும் முதலில் அப்பாவிடம் காட்டுங்கள். டி.டி.எஸ். வரிசையை அவர் ஒரு பார்வையில் படித்துவிடுவார்.